திரைக்கு அந்தப் பக்கம்

கழுவ எடுத்த கோப்பைகளில் ஒன்று மட்டும் காய்ந்து கிடந்தது.

நஷ்மியா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆண்கள் பக்கத்திலிருந்து அவள் கணவன் முத்லக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன தட்டில் நான்கு கோப்பைகள். மூன்றின் அடியில் காபி வண்டலும் ஏலக்காய்த் தூளும் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தன. நான்காவதில் ஒன்றுமில்லை. அதன் உள்பக்கம் பல நாள் வெயிலில் கிடந்த ஆட்டெலும்பைப் போல வறண்டு வெளுத்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனபோது காபி மணக்கவில்லை. மழைக்கு முன்னால் பாறைப் பிளவுகளிலிருந்து எழும் குளிர்ந்த கல்வாசனைதான் வந்தது.

மூன்று பேர்தான் காபி குடித்தார்கள் என்பது அவளுக்குத் தெரியும். மாமனார் ஹுவைமில், முத்லக், அம்மான் நகரத்திலிருந்து வந்திருந்த கேமராக்காரன் நிஸார். நான்காவது கோப்பையை நிரப்பி வைத்த இடத்தில் யாருமே இல்லை.

அது படத்துக்காக வைத்த கோப்பை. பதினோரு நாளாக அவர்கள் கூடாரத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள் நிஸாரோடு வந்திருந்த இயக்குநர் ரந்தா. ஆடு கறப்பதை எடுத்தாள், ரொட்டி சுடுவதை எடுத்தாள், எட்டு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு நஷ்மியா தண்ணீர் சுமப்பதை எடுத்தாள். விருந்தாளி வரும் காட்சி ஒன்றுதான் பாக்கி. விருந்தாளியாக உட்கார ஒப்புக்கொண்டிருந்த அடுத்த பள்ளத்தாக்குக்காரர் அன்று காலை வரவில்லை. சாயங்காலம் கிளம்பியாக வேண்டும் என்பதால் ரந்தா ஒரு வழி சொன்னாள். பெரியவர் பேசுவதை மட்டும் இப்போது எடுத்துக்கொள்வது. விருந்தாளியைப் பிறகு எங்காவது எடுத்துச் சேர்த்துக்கொள்வது.

"வெறும் மெத்தையைப் பார்த்து வாக்குக் கொடுக்கச் சொல்றியா மகளே?" என்று ஹுவைமில் கேட்டதை, ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரிக்கும் திரையின் ஓரத்து இடுக்கு வழியாக நஷ்மியா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடிப்புதானே பெரியப்பா."

"எனக்கு நடிக்கத் தெரியாதே. நான் சொன்னா சொன்னதுதான்."

"உங்களை விட்டா அம்மான்ல எல்லா நடிகனுக்கும் வேலை போயிடும்," என்றான் நிஸார். எல்லோரும் சிரித்தார்கள். கிழவரும் சிரித்தார்.

பெரிய வேண்டுகோளோடு வரும் விருந்தாளி காபியை வாங்கிக் குடிக்காமல் தரையில் வைத்துவிடுவார். அது என்ன வேண்டுகோள் என்று கேட்காமலே, 'குடியுங்கள், வந்த காரியம் முடிந்தது' என்று சொல்வதுதான் பெரிய மனிதனுக்கு அழகு. ஹுவைமில் அப்படியே சொன்னார். வாசலோரம் போட்டிருந்த வெறும் மெத்தைக்கு முன்னால் கோப்பையை வைத்து, நெஞ்சில் கை வைத்து, "உங்க காபியைக் குடிங்க. நீங்க கேட்கிறது எதுவா இருந்தாலும் கொடுத்தேன்," என்றார்.

"நல்லா இருக்கு. இன்னொரு தடவை," என்றாள் ரந்தா. வெளிச்சம் போதவில்லையாம்.

சொன்னார்.

"கடைசியா ஒரே ஒரு தடவை."

மூன்றாம் தடவை சொல்வதற்கு முன் கிழவர் சற்றுத் தயங்கியதை நஷ்மியா கவனித்தாள். மூன்று முறை சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது என்பதை அந்தக் கூடாரத்தில் அறியாதவர்கள் ரந்தாவும் நிஸாரும் மட்டும்தான். ஆனால் எதிரே இருந்தது வெறும் மெத்தை. சொல்லிவிட்டார்.

நஷ்மியா கோப்பையை இரண்டு முறை கழுவினாள். கல்வாசனை போகவில்லை.

மத்தியானம் புழுதிக் காற்று வந்தது. தெற்கே வானத்தின் அடிவிளிம்பில் ஒரு பழுப்புச் சுவர் எழுந்து, மலைகளை ஒவ்வொன்றாக விழுங்கி, ஆடுகளைப் பட்டியில் அடைத்து முடிப்பதற்குள் கூடாரத்தின் மேல் வந்து கவிழ்ந்தது. கம்பளிக் கூரை அடித்துக்கொண்டது. கயிறுகள் முனகின. நண்பகல் வெளிச்சம் பழைய காயத்தின் நிறத்துக்கு மாறியது. நாற்பது அடி தள்ளி நின்ற பிக்கப் வண்டி கண்ணுக்குத் தெரியவில்லை. இந்தக் காற்று வந்தால் இரண்டு நாளோ நான்கு நாளோ இருந்துவிட்டுத்தான் போகும். ரந்தா மூட்டை கட்டிய சாமான்களை மறுபடியும் அவிழ்த்தாள்.

"மருமகளே." திரைக்கு அந்தப் பக்கமிருந்து மாமனார் குரல். "சாப்பாட்டுல ஒரு ஆளுக்குக் கூடப் போடு."

காற்றில் வழிதவறி யாராவது வந்திருப்பார்கள் என்று நினைத்தாள். "யாரு மாமா வந்திருக்காங்க?"

"மூணு நாளும் அதுக்கு மேல ஒரு பகல்ல மூணுல ஒரு பங்கும் ஆகட்டும். அதுக்கு முந்தி விருந்தாளி யாருன்னு கேட்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

தட்டை வாங்க முத்லக் வந்தான். அவன் முகம் சரியில்லை.

"யாரு?" என்றாள் மெல்ல.

"யாருமே இல்ல. காலையில இருந்து அந்த மெத்தைக்கு முன்னால உக்காந்து காபி ஊத்திக்கிட்டு இருக்கார். எனக்கு ஒண்ணும் புரியல."

"அப்ப சாப்பாடு யாருக்கு?"

"குடு, நஷ்மியா. வயசான மனுஷன். வெயில் தலைக்கு ஏறியிருக்கும். அவர் மனசு நோக வேண்டாம்."

தட்டு திரும்பி வந்தபோது ஒரு பக்கம் முழுக்கக் காலியாக இருந்தது. கறி இல்லை, சோறு இல்லை, எலும்பும் இல்லை. அந்தக் காலி இடத்தின் ஓரத்தில், ஒரு குழந்தை விளையாட்டுக்குக் கூட்டி வைத்தது போல, வெள்ளையாக ஒரு சிறு குவியல். நஷ்மியா விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

அவள் கையால் கரைத்து ஊற்றிய உப்பு. தயிர்க்கட்டியில் ஊறி, கறியில் ஏறி, சோற்றோடு சோறாகக் கலந்துவிட்ட உப்பு. அதைக் கடைசித் துகள் வரை பிரித்தெடுத்து ஒதுக்கி வைத்திருந்தது.

வெகுநேரம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருவன் உன் உப்பைத் தின்றுவிட்டால் அவனால் உனக்குத் தீங்கு செய்ய முடியாது. உன்னாலும் அவனுக்குச் செய்ய முடியாது. எதிரிகூட அதற்குக் கட்டுப்பட்டவன். இது எங்கள் சோற்றைத் தின்கிறது, உப்பை மட்டும் வேண்டாம் என்கிறது. வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது.

இரண்டாம் நாள் காற்று இன்னும் தடித்தது. தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆட்டுப் பட்டி வரை போய் வந்தாள். புழுதிக் காற்றுக்கு முதுகு காட்டி நிற்பதுதான் ஆடுகளின் வழக்கம். இன்று எல்லாம் காற்றை எதிர்கொண்டு, கண்ணில் மணல் அடிக்க அடிக்க, கூடாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றன. ஒன்றுகூடக் கத்தவில்லை.

முத்லக் வண்டியைக் கிளப்பிப் பார்த்தான். இரண்டு முறை இருமிவிட்டு அடங்கிப்போனது. புழுதி உள்ளே போய் அடைத்திருந்தது. பக்கத்துக் கூடாரம் நடந்து போனால் மூன்று மணி நேரம். காற்று இல்லாத நாளில் அவள் வயிற்றோடு நடந்தால் ஆறு. போன் சிக்னல் வேண்டுமானால் மலையேற வேண்டும், மலையே தெரியவில்லை.

ரந்தாவின் சிறிய மானிட்டர் பெண்கள் பக்கத்தில்தான் இருந்தது. பெண்கள் பக்கம் உட்கார்ந்தே ஆண்கள் பக்கம் எடுப்பதைப் பார்ப்பதற்காகத் திரைக்கு அடியில் ஒரு கம்பியை விட்டிருந்தாள். கேமரா முக்காலியில் நின்றபடி ஓடிக்கொண்டிருந்தது. புயலில் அடைபட்ட கூடாரமும் படத்துக்கு ஆகுமாம். நஷ்மியா வேலைக்கு நடுவே அதில் கண்ணை ஓட்டினாள். அடுப்பு தெரிந்தது. கெண்டிகள் தெரிந்தன. குனிந்த தலையோடு மாமனார் தெரிந்தார். மெத்தை இப்போது வாசலோரம் இல்லை, அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது.

"மெத்தையை யாரு நகர்த்தினாங்க?"

ரந்தா உதட்டைப் பிதுக்கினாள். "உங்க மாமாதான் இருக்கும். நிஸார், கேமராவைச் சரிபண்ணு. பெரியப்பா முகம் மங்கலா இருக்கு. மெத்தைதான் தெளிவாத் தெரியுது."

"அது என் தப்பில்ல," என்றான் நிஸார் அந்தப் பக்கமிருந்து. "கேமரா தானா அங்கதான் போய் நிக்குது. நான் முகத்துக்குத் திருப்புவேன், அது மெத்தைக்கே போகும். காதல் போல." சிரிக்கப் பார்த்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அன்று அதற்குப் பிறகு அவன் வேடிக்கை பேசவே இல்லை.

அந்த இரவை அவர்கள் விளக்கை அணைக்காமல் கழித்தார்கள்.

மூன்றாம் நாள் விடிந்தது என்பது கூரை கறுப்பிலிருந்து பழுப்பானதில்தான் தெரிந்தது. நஷ்மியா எழுந்து உட்கார்ந்தாள். முதலில் வாசனை வந்தது. கல்வாசனை, மிக அருகில், யாரோ வாயைத் திறந்து முகத்தில் ஊதியது போல. மானிட்டரைப் பார்த்தாள். மெத்தை அடுப்பருகிலும் இல்லை. இரண்டு பக்கத்தையும் பிரிக்கும் திரையை ஒட்டிப் போடப்பட்டிருந்தது.

எந்த விருந்தாளியும் அங்கே உட்காரமாட்டான். பெண்கள் பக்கத்துத் திரையை ஒட்டி உட்கார்வது இழிவு.

அவள் திரும்பினாள். அந்தத் திரை அவள் நெய்தது. கல்யாணத்துக்கு முந்தைய இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து, கறுப்பு ஆட்டு மயிரும் வெள்ளைப் பஞ்சுமாக நெய்தது. அதன் ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவளுக்குத் தெரியும். உட்கார்ந்திருக்கும் ஆளின் தோள் உயரத்தில் வெள்ளைக் கோடுகள் வளைந்திருந்தன. திரை இந்தப் பக்கமாகப் புடைத்திருந்தது. சாய்ந்து உட்கார்ந்த ஒரு முதுகின் அளவுக்கு. காற்றில் கூடாரம் முழுதும் ஆடியது. அந்த இடம் மட்டும் ஆடவில்லை.

ரந்தாவும் பார்த்தாள். இருவரும் படுக்கைகளை எதிர் மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

அங்கே உட்கார்ந்துதான் ரந்தா ஹெட்போனை எடுத்தாள். "நஷ்மியா, நேத்தே சொல்லணும்னு நினைச்சேன். முதல் நாள் எடுத்தது. எனக்குத்தான் ஏதோ தப்பாக் கேட்குதுன்னு விட்டுட்டேன். நீ கேளு. உங்க பேச்சு மாதிரி இருக்கு, எனக்கு அர்த்தம் தெரியல."

ஹெட்போன் காதை மூடியதும் புயல் நின்றுவிட்டது. முதல் நாள் காலையின் அமைதி. தூரத்தில் ஆட்டு மணி. மாமனார் குரல்: "கேட்கிறது எதுவா இருந்தாலும் கொடுத்தேன்." அதன் பின் ஒன்றுமில்லை. இரண்டாம் தடவை. "கொடுத்தேன்." அதற்குப் பின்னால், மெத்தை மேல் துணி உரசும் சத்தம். யாரோ காலை மடித்து உட்காருகிற சத்தம். மூன்றாம் தடவை. "கொடுத்தேன்."

பிறகு ஒரு குரல்.

உரத்த குரல் இல்லை. மூச்சில்லாத குரல். பேசுகிறவர்கள் யாராக இருந்தாலும் நடுவில் மூச்சு இழுப்பார்கள், இது இழுக்கவில்லை. அவள் குலத்தில் மிக வயதானவர்கள்கூட விட்டுவிட்ட பழைய உச்சரிப்பில், ஒவ்வொரு சொல்லாக, கவனமாக, கூழாங்கற்களை அடுக்குவது போலச் சொன்னது.

"திரைக்கு அந்தப் பக்கம் இருப்பது."

நஷ்மியா ஹெட்போனைக் கழற்றினாள். அது கைநழுவி மடியில் விழுந்து வயிற்றில் இடித்தது.

"என்ன சொல்லுது?" என்றாள் ரந்தா.

"என்ன வேணும்னு சொல்லுது."

அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதை ரந்தா தன் கண்ணாலேயே பார்த்தாள். அரிசி மூட்டை, தோல் பை, பாத்திரங்கள், கர்ப்பிணி ஒருத்தி.

நஷ்மியா முக்காட்டை இழுத்துக்கொண்டு திரையின் மறு ஓரத்துக்கு, புடைத்த இடத்திலிருந்து முடிந்த மட்டும் தள்ளி, போனாள். "மாமா."

"சொல்லு."

"அது என்ன கேட்டுச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கெண்டியைக் கீழே வைக்கும் ஓசை. "முதல் நாளே தெரியும் மகளே. என் காதுலயும் விழுந்துச்சு."

"கொடுக்கமாட்டேன்னு சொல்லிடுங்க."

"சொல்லலாம்." கிழவரின் குரல் மிகக் களைத்திருந்தது. "சொன்னா அவர் விருந்தாளியா இருக்கமாட்டார். இப்ப விருந்தாளியா இருக்கறதாலதான் மூணு நாளா பொறுமையா உக்காந்திருக்கார். அது இல்லைன்னா என்னவா இருப்பார்னு எனக்குத் தெரியாது."

"பார்த்தீங்களா மாமா? எப்படி இருக்கு?"

"கோப்பையை வாங்கின கையை ஒரு தடவை பார்த்தேன். அதுக்கப்புறம் தலையைத் தூக்கல."

முத்லக் திரையோரத்தில் நின்று அப்போதுதான் எல்லாவற்றையும் கேட்டான். நஷ்மியா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கத்தியை உருவினான். உருவிவிட்டு யாரைக் குத்துவது என்று தெரியாமல் நின்றான். மெத்தை வெறுமையாக இருந்தது. திரை புடைத்திருந்தது. "இங்கேருந்து போகலாம்பா," என்று தகப்பனிடம் கெஞ்சினான். "தூக்கிட்டாவது போயிடறேன்."

"எந்தப் பக்கம் போவே? வெளியில உன் கையை நீட்டினா உனக்கே தெரியாது." பிறகு ஹுவைமில் சொன்னார்: "உக்காரு. நான் யோசிச்சு வெச்சிருக்கேன். நாளைக்கு மத்தியானத்தோட விருந்தாளித் தவணை முடியுது. கேட்டதை நான் கொடுத்துடப் போறேன். திரைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கோ அதைத்தானே கேட்டார்? நாளைக்கு அந்தப் பக்கம் நான் இருப்பேன். நஷ்மியா இங்க வந்துடட்டும்."

"அப்பா."

"வாக்கும் நிக்கும், பிள்ளையும் நிக்கும். பேசாதே."

நான்காம் நாள் காலை. காற்று குறையவில்லை. முத்லக்கும் நிஸாரும் இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு வண்டியைத் தேடிப் போனார்கள். புழுதியைத் தட்டி எடுத்துக் கிளப்பி, கூடாரத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்துவதாகத் திட்டம். காற்று வாசல் துணியைப் பிய்த்துவிடாதபடி வெளியே முளையடித்து இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார்கள். "ஹார்ன் அடிப்பேன். அடிச்சதும் அவிழ்த்து உங்களை ஏத்திடறேன்," என்று துணிக்கு வெளியிலிருந்து முத்லக் கத்தினான். அதற்குப் பிறகு காற்றின் சத்தம் மட்டும்.

ஹுவைமில் எழுந்தார். நான்கு நாளில் முதல் முறையாக. முழங்கால்களில் சடக்கென்று சத்தம் கேட்டது. நல்ல மேலங்கியைப் போட்டுக்கொண்டிருந்தார், தாடியை வாரியிருந்தார். நஷ்மியா திரையின் ஓரம் வழியாக ஆண்கள் பக்கம் வந்தாள். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் விருந்தாளி இருக்கும்போது அவள் அந்தப் பக்கம் காலெடுத்து வைத்ததே இல்லை. குறுகிய வழியில் மாமனாரும் அவளும் எதிரெதிரே நின்றார்கள். அவர் அவள் தலையில் கை வைத்தார். கை சில்லென்று இருந்தது.

"ஆம்பளப் பிள்ளையா இருந்தா என் பேரை வைக்காதே," என்றார். சிரிப்பதுபோல வாயைக் கோணினார். "இந்த வாய் ரொம்பப் பேசிடுச்சு."

திரைக்குப் பின்னால் போய்விட்டார்.

நஷ்மியாவும் ரந்தாவும் அணைந்த அடுப்புக்கு அந்தண்டை, கட்டிய வாசலுக்கு முதுகு கொடுத்து, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எதிரே மெத்தை. இப்போது நேராகப் பார்த்தாள். நடுவில் அமுங்கியிருந்தது. ஆழமாக. மனிதப் பாரம் அவ்வளவு அமுக்காது.

"மணி என்ன?"

"பன்னெண்டு," என்றாள் ரந்தா. "தாண்டி ரெண்டு நிமிஷம்."

திரைக்கு அந்தப் பக்கம் ஹுவைமில் தொண்டையைச் செருமினார். சந்தையில் நின்று பேசுகிறவரைப் போலத் தெளிவாகச் சொன்னார்: "விருந்தாளியே. மூணு நாள் முடிஞ்சது. மூணுல ஒரு பங்கும் முடிஞ்சது. நீங்க கேட்டது இங்க இருக்கு. வாங்க. எடுத்துக்குங்க."

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு மெத்தையின் பள்ளம் மெதுவாக மேலெழுந்தது. திரையின் புடைப்பு தணிந்தது. வெள்ளைக் கோடுகள் நேராயின. திரையின் கீழ் விளிம்பு ஒரு சாண் உயர்ந்தது. தாழ்ந்தது. ஏதோ அதற்கடியில் நீளமாக, வெகுநேரம் எடுத்துக்கொண்டு, நுழைந்து போனது.

"வந்துட்டீங்களா," என்றார் ஹுவைமில்.

அவர் அதன் பிறகு பேசவில்லை. கத்தவும் இல்லை. ஒரு சத்தம் மட்டும் கேட்டது. காலித் தோல் பையின் கடைசித் தண்ணீரை ஒருவன் வாய் வைத்து உறிஞ்சும் சத்தம். அது நின்றது.

ரந்தா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "முடிஞ்சுது," என்றாள். "நஷ்மியா, முடிஞ்சுது. போயிடுச்சு. முடிஞ்சுது."

தூரத்தில் ஹார்ன். ஒரு முறை. வண்டி கிளம்பிவிட்டது. நஷ்மியாவின் கண்ணில் நீர் வழிந்தது. இதோ வந்துவிடுவான். மறுபடியும் ஹார்ன். சற்று இடது பக்கம். மறுபடியும். இன்னும் தள்ளி. கூடாரத்தைக் காணாமல் அவன் சுற்றிக்கொண்டிருந்தான். "இங்க! இங்க!" என்று ரந்தா வாசல் துணியை அறைந்தாள். துணி அசையவில்லை. முளைகள் வெளியே இருந்தன.

நஷ்மியா கத்தவில்லை. அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இப்போது அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கிறது.

அங்கிருந்து பார்த்தால்...

அங்கிருந்து பார்த்தால், திரைக்கு அந்தப் பக்கம் இருப்பது அவள்.

"மருமகளே," என்றது மாமனார் குரல். அதே செருமல். அதே களைப்பு. நடுவில் மூச்சில்லை.

டிங்.

திரையைக் கூரையோடு கோத்திருந்த நீள இரும்பு ஊசிகளில் ஒன்று கழன்று அடுப்புக் கல்லில் விழுந்தது. ரந்தா திரும்பினாள். இரண்டாவது ஊசி. யாரோ பொறுமையாக, ஒவ்வொன்றாக, உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். மூன்று. நான்கு.

ஹார்ன் இப்போது மிகத் தூரத்தில்.

வயிற்றுக்குள் பிள்ளை அசையவில்லை. காது கொடுத்துக் கேட்பதைப் போல அசையாமல் கிடந்தது.

ஏழு. எட்டு.

கடைசி ஊசி.

திரை சரிந்து இறங்கியதில் பெண்கள் பக்கம் முழுதும் தெரிந்தது. ஹுவைமில் அவள் இடத்தில் உட்கார்ந்திருந்தார். நல்ல மேலங்கி, வாரிய தாடி, மடியில் கைகள். பல நாள் வெயிலில் கிடந்தது போல வறண்டு வெளுத்திருந்தார். வாய் திறந்திருந்தது. உதடுகளைச் சுற்றி உப்பு பூத்திருந்தது.

ஆனால் திரை தரையில் விழவில்லை.

பிடிக்க ஊசியில்லை, கயிறில்லை. அவள் நெய்த கம்பளி கூடாரத்தின் நடுவில், கூரை இடித்ததால் தலையைக் குனிந்துகொண்டு, நெடுநெடுவென்று தானாக நின்றது.

பிறகு ஒரு அடி எடுத்து வைத்தது.